முள்ளும் குச்சியும்

செப்டம்பர் 3, செவ்வாய்

டீசல் முள் மறுபடி படுத்துவிட்டது. டேங்க் நிறைய டீசல் கிடக்க, முள் மட்டும் காலி என்று காட்டுகிறது. லிங்கதுரை வண்டியை நிறுத்திவிட்டு வந்து, "அத்தான், முள்ளு செத்துப்போச்சு" என்றான். எலி செத்ததைச் சொல்வதுபோல.

மச்சினன் என்பதால்தான் லாரியை அவனிடம் கொடுத்தேன். மச்சினன் என்பதால்தான் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க முடியவில்லை. கேட்டால் அவன் அக்கா செல்லக்கனி அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள்.

நேரம் பார்த்து முள் படுத்திருக்கிறது. உப்பளத்து மேட்டில் நான் வாங்கிய உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறது. மழைக்காற்று திரும்புவதற்குள் அத்தனையும் கூரை போட்ட கிட்டங்கிக்கு வந்து, அங்கிருந்து கொல்லத்து ஐஸ் கம்பெனிகளுக்குப் போய்விட வேண்டும். மழை விழுந்தால் உப்பு வந்த வழியே கடலுக்குத் திரும்பிவிடும். வாடகை லாரிக்காரன் எவனும் உப்பு ஏற்ற மாட்டான், வண்டியை அரித்துவிடும் என்பான். எனக்கு இந்தக் கிழட்டு லாரியை விட்டால் வேறு கதி இல்லை. அது லிங்கதுரை கைக்குத்தான் மசியும்.

செப்டம்பர் 4, புதன்

காலையில் வண்டி புறப்பட்டது. இஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. வீட்டை ஒட்டிய கிட்டங்கி முன்னால் மண் கொட்டி ஒரு சரிவு போட்டிருக்கிறேன். வண்டி அதில்தான் மூக்கைக் கீழே நீட்டி நிற்கும். பிரேக்கை விட்டு உருட்டிக் கிளட்சை விட்டால் இஞ்சின் தானாகப் பிடித்துக்கொள்ளும். பூமி இலவசமாக இழுத்துக் கொடுக்கும்போது மோட்டார் எதற்கு?

சைக்கிளில் உப்பு மூட்டை வைத்துத் தெருத்தெருவாகக் கூவியவன் நான். எது செலவு, எது வீண் என்று எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

எலெக்ட்ரீஷியன் ராயப்பன் வந்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒயரைத் தடவியே நிறம் சொல்வேன் என்று பீற்றுகிறவன். "மீட்டரு போச்சு அண்ணாச்சி" என்று பழைய கடையிலிருந்து ஒரு மீட்டர் வாங்கி மாட்டினான். முள் அசையவில்லை. "அப்ப டேங்க் நடுவுல ஒரு மெதவை இருக்குல்லா, அது ஒட்டிக்கிட்டிருக்கும்" என்று அதையும் மாற்றினான். அப்போதும் முள் பிணம் மாதிரிக் கிடந்தது.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "யாரோ ஒயர்ல கை வச்சிருக்காவ" என்றான். சொல்லும்போது லிங்கதுரையைப் பார்த்தான்.

"எதுக்குல நான் கை வைக்கணும்?" என்று லிங்கதுரை பாய்ந்தான்.

"முள்ளு செத்தா யாருக்கு லாபமோ அவனத்தான் கேக்கணும்."

எனக்குத் தோன்றாததை ராயப்பன் சொன்னான். சொன்ன பிறகு தோன்றாமல் இருக்குமா?

செப்டம்பர் 7, சனி

முள்ளை நம்பி வியாபாரம் செய்ய முடியாது. மூங்கிலைச் சீவி நானே ஒரு குச்சி செய்தேன். விரலுக்கு ஒரு கோடு, கத்தியால் கீறினேன். டேங்கின் வாய் பின்பக்க ஓரத்தில் இருக்கிறது. குச்சி நேராக அடிவரை இறங்குகிறது. பெட்ரோல் பங்கில் நான் நின்று டீசல் போடச் சொல்லி, நானே குச்சி விட்டுப் பார்த்தேன். ஈரம் எந்தக் கோட்டில் நின்றது என்பது மனதில் இருக்கிறது. லிங்கதுரை வண்டியைக் கிட்டங்கிக்கு எடுத்துப் போனான். நான் ஸ்கூட்டரில் வந்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் குச்சி விட்டேன். நாலு விரல் குறைகிறது!

பங்குக்கும் கிட்டங்கிக்கும் நடுவே மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கே திருட்டு டீசல் வாங்க விசைப்படகுக்காரர்கள் கேனோடு நிற்பார்கள். நான் சின்னப் பிள்ளை இல்லை.

கூப்பிட்டுக் கேட்டேன். "ஏல லிங்கம், டேங்க் ஓட்டையா?"

அவன் குச்சியையும் என்னையும் பார்த்துச் சிரித்தான். "அத்தான், வண்டியச் சமமா நிறுத்திட்டு அளந்து பாருங்க."

"பங்குல அளந்த அதே குச்சி. அதே கை."

"குச்சி அதேதான். தரை?"

"தரை கெடந்த எடத்துலதான் கெடக்கு. டீசல்தான் எறங்கி நடந்து போயிருக்கு."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "சரி. நீங்க அளந்துக்கிட்டே இருங்க" என்று போய்விட்டான். தப்புச் செய்கிறவனுக்குத்தான் தரையெல்லாம் ஞாபகம் வரும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

டேங்க் மூடிக்குப் பூட்டு வாங்கினேன். ஒரே சாவி. அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

செல்லக்கனி பார்த்துவிட்டாள். "அரிசிப் பானைக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம். என் தம்பி இங்கயும் வந்து திங்கான்லா."

செப்டம்பர் 15, ஞாயிறு

நேற்றுப் பங்கில் நிரப்பி, அளந்து, பூட்டினேன். இன்று பூட்டு அப்படியே இருக்கிறது. திறந்து குச்சி விட்டால் நாலு விரல் குறைகிறது. பூட்டைத் தொடாமல் எடுக்கிறான் என்றால் அடியில் இருக்கிற வடி நட்டைத்தான் கழற்றியிருக்க வேண்டும். படுத்துக் கீழே போய் நட்டில் சிவப்புப் பெயின்ட் வைத்தேன். இனி திருகினால் தெரிந்துவிடும்.

எழுந்திருக்க முடியாமல் இடுப்புப் பிடித்துக்கொண்டது. சுமை இறக்குகிற சொடலைமணிதான் தூக்கிவிட்டான். "அண்ணாச்சி, வண்டிக்குக் கீழ எதுவும் தொலைச்சிட்டியளா?" என்றான். 

செப்டம்பர் 18, புதன்

இடையில் ஒருதரம் நிரப்பினோம். மறுபடி அதே குறைச்சல். சிவப்புப் பெயின்ட் கலையவில்லை. நட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பெயின்ட் வைக்கத் தெரிந்தவன் என்று அர்த்தம்.

செப்டம்பர் 19, வியாழன்

அளத்தில் வைத்துக் கேட்டுவிட்டேன். பெண்கள் உப்புத் தட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். நான் உப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, ஈரம் என்று எடையில் கழித்துக்கொண்டிருந்தேன். காய்ந்த உப்பிலும் கழிப்பேன். அது வியாபாரம். அளத்துக்காரர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து லிங்கதுரை, "டீசல் போடணும் அத்தான்" என்று வந்து நின்றான்.

"யாருக்குப் போட? உனக்கா, படகுக்காரனுக்கா?"

பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். காதைத் திருப்பவில்லை.

அவன் முகம் கறுத்துவிட்டது. "வாங்க. சொடலைமாடன் கோயில்ல சூடம் ஏத்திச் சத்தியம் பண்ணுதேன். இப்பமே வாங்க."

"சூடம் அணைஞ்சா சத்தியமும் அணைஞ்சு போகும். எனக்கு டீசல் வரணும்."

"உங்களுக்குக் காய்ஞ்ச உப்புல ஈரம் தெரியுது. சாய்ஞ்சு நிக்கிற வண்டி மட்டும் தெரியாது. என்னா?"

"திருட்டுப் பயலுக்கு வாயப் பாரு."

லாரிச் சாவியை என் காலடியில் உப்பில் எறிந்தான். நடந்தே போனான். பாத்தி வரப்பு முழுக்க அவன் முதுகு தெரிந்தது. எவளோ ஒருத்தி, "அண்ணாச்சி, இந்தத் தட்டுக்கும் ஈரம் கழிக்கணுமா?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள்.

நானும் கழித்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

குழம்பில் உப்பில்லை. ரசத்திலும் இல்லை. மூன்று நாளாக இப்படித்தான். இன்று கேட்டேன்.

"அளந்துதான் போட்டேன். கொறையுதுன்னா குச்சி விட்டுப் பாருங்க" என்றாள் செல்லக்கனி.

கிட்டங்கி நிறைய உப்பை வைத்துக்கொண்டு எழுந்து போய் ஒரு கல் எடுத்துப் போட்டுத் தின்ன எனக்கென்ன விதி? அப்படியே தின்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

புது டிரைவர் வருகிறான் என்று ராயப்பனை வைத்து ஹாரனைச் சரிசெய்தேன். டேங்க் பக்கம் போனவன் அங்கேயே குந்திவிட்டான்.

"அண்ணாச்சி, எர்த் ஒயரு பெயின்ட் மேல உக்காந்திருக்கு. இரும்பைத் தொடவே இல்ல. அப்புறம் முள்ளு எப்படி எந்திரிக்கும்?"

உப்புத்தாளால் பெயின்டைச் சுரண்டிவிட்டு முடுக்கினான். முள் எழுந்து நின்றது. உயிர் வந்த மாதிரி.

"ஆறு மாசத்துக்கு முன்னால எஃப்.சி.க்குப் போனப்ப சேஸிஸுக்கு எந்தக் கூமுட்டை பெயின்ட் அடிச்சான்? ஒயரக் கழட்டிப் போட்டு அடிச்சு, பெயின்ட் மேலயே மாட்டியிருக்கான்."

பெயின்டருக்குக் கூலி தண்டம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் உட்கார்ந்து அடித்தார். ராயப்பனுக்கு டீ சொல்லப் போய்விட்டேன்.

அந்தப் பயல்தானே "யாரோ கை வச்சிருக்காவ" என்றான். இன்று அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

புது டிரைவர் ஞானதிரவியம். ஆத்தூர்க்காரன். கியரை உடைக்கிற மாதிரிப் போடுகிறான். கொல்லத்துக்கு ஒரு நடை போய்வர லிங்கதுரையை விடக் கூட நேரம் எடுத்துக்கொண்டு, வழியில் ரெண்டு இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் பண்ணினான். அம்பாரம் குறைந்தபாடில்லை.

லிங்கதுரை துறைமுகத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறானாம். சொடலைமணி சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

நேற்று ஞானதிரவியத்தை வைத்து நிரப்பினேன். இன்று நாலு விரல் குறைகிறது. ஊரில் டிரைவர் வேலைக்கு வருகிறவன் எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பான் போலிருக்கிறது.

"முள்ளப் பாரும். நேத்துக் காட்டுன எடத்துலதான் இன்னைக்கும் நிக்கி" என்றான்.

"அது போன வாரம் உசுரு வந்த முள்ளு. இது நான் செஞ்ச குச்சி."

"அப்ப உம்ம குச்சிய ஏத்திக்கிட்டு நீரே ஓட்டும். நாப்பது வீட்டு வண்டி ஓட்டிட்டேன். இப்படி ஒரு மனுசனப் பாத்ததில்ல." செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வாசல் வரை திட்டிக்கொண்டே போனான். எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை.

அக்டோபர் 2, புதன்

வண்டி சும்மா நிற்கிறது. ரெண்டு டிரைவர்களைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஒருவன் வரவில்லை. இன்னொருவன், "குச்சி அண்ணாச்சி வண்டியா?" என்று கேட்டுச் சிரித்தானாம்.

கிழக்கே மேகம் கட்டுகிறது.

அக்டோபர் 5, சனி

நானே எடுத்தேன். லைசென்ஸ் இருக்கிறது, இடுப்புதான் இல்லை. பங்கில் நிரப்பி, குச்சி விட்டு, பூட்டி, சாவியை அரைஞாணில் போட்டுக்கொண்டு நானே ஓட்டிவந்தேன். துறைமுகத்து வழியாகத்தான். ஒருவனும் கேனோடு வரவில்லை. எங்கும் நிறுத்தவில்லை. சரிவில் ஏற்றித் திருப்பி, மூக்கைக் கீழே விட்டு நிறுத்தினேன். இறங்கிய சூட்டோடு அளந்தேன்.

நாலு விரல் குறைகிறது.

மறுபடி அளந்தேன். குச்சியைத் துடைத்துவிட்டு அளந்தேன். வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பிரேக்கை விட்டு வண்டியைச் சரிவிலிருந்து இறக்கி, வேப்பமரத்தடியில் சமதரையில் நிறுத்தினேன். டீசல் வீணாகும் என்று இஞ்சினைப் போடவில்லை. அளந்தேன்.

இன்று வேறெதுவும் எழுதுவதாக இல்லை.

அக்டோபர் 7, திங்கள்

குழம்பில் உப்பு இருந்தது. வண்டி வேப்பமரத்தடியில் நிற்பதைப் பார்த்திருப்பாள்.

"மண்ணெண்ணெ டின்ன ஒருச்சாய்ச்சு வச்சா ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் வத்தும். இது தெரிய லாரி வாங்கணுமாக்கும்?" என்றாள்.

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"சொன்னவன என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டீய? எனக்கும் அந்தப் பேரு வேணுமா?"

கை கழுவிவிட்டு வந்து, லிங்கதுரையை வரச்சொல் என்றேன். வேலை கிடக்கிறது, மழை வருகிறது, அதற்காகத்தான் சொன்னேன்.

"திருடன்னு சொன்னது உங்க வாயி. கூப்பிட மட்டும் என் வாயா?"

அக்டோபர் 8, செவ்வாய்

சமதரையில் நிற்கிற வண்டி எப்படிக் கிளம்பும்? செல்ஃப் இல்லை. சொடலைமணியும் இன்னும் ரெண்டு பேரும் தள்ளினார்கள். ஓர் அடி நகர்ந்து பழைய இடத்துக்கே வந்தது. மண் இளகிக் கிடக்கிறது. சொடலைமணி மூச்சிரைக்க, "எதுக்கு அண்ணாச்சி இங்கன எறக்குனீய?" என்றான்.

நிழலுக்கு என்றேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள் செல்லக்கனி. சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. இனி வண்டி நகர்ந்து பழத்தை நசுக்க வேண்டும். வருஷா வருஷம் லிங்கதுரை புதுச்சட்டை போட்டு ஏறி, ஹாரனை ஒரு முழக்கு முழக்கி, ஒரே உருட்டில் நசுக்குவான்.

நான் ஏறி உட்கார்ந்தேன். அளத்து ஆட்கள், தெருக்காரர்கள் எல்லாரும் தள்ளினார்கள். சக்கரம் பழத்தைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. மறுபடி தள்ளினார்கள். பழம் உருண்டுபோய் விலகி நின்றது. தெருப் பெண்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பழம் நசுங்காத வண்டி நல்லதற்கில்லை என்று எவளோ சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

அப்போது வாசல் கேட் பக்கம் பைக் சத்தம் கேட்டது. லிங்கதுரை. நெற்றியில் சந்தனம், புதுச்சட்டை. அவன் ஐஸ் வண்டிப் பூஜை முடிந்திருக்கும். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சக்கரத்தடியில் ரெண்டு பலகையைப் போட்டான். உருண்ட பழத்தை எடுத்துத் துடைத்துப் பழையபடி வைத்தான்.

நான் கதவைத் திறந்தேன். "நீ ஏறு" என்றேன்.

"நான் தள்ளுதேன் அத்தான். ஓட்ட மாட்டேன். நான் ஓட்டுனா டீசல் கொறையும்."

எல்லாரும் சிரித்தார்கள். செல்லக்கனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ரெண்டாம் கியர்ல போடுங்க. நான் சத்தம் குடுத்த பொறவு கிளட்ச விடுங்க. முந்தாதீய." பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான். ஏலேலோ என்று ஒரு சத்தம் வந்தது. வண்டி பலகையில் ஏறி உருண்டது. "விடுங்க!" என்றான். விட்டேன். இஞ்சின் உறுமிப் பிடித்தது. நாலு பழமும் நசுங்கின.

நான் இறங்குவதற்குள் பைக்கில் ஏறிவிட்டான். சட்டை முதுகெல்லாம் சேஸிஸ் கறுப்பு.

"ஈரத்துக்குக் கழிக்கிறியல்லா அத்தான், அதே மாதிரி சரிவுக்கும் கழிச்சிருக்கலாம். உங்களுக்குத் தெரியாத கழிவா?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

ரெண்டு நாளாக நானே அளத்திலிருந்து கிட்டங்கிக்கு நடை அடிக்கிறேன். பகல் முழுக்க இஞ்சினை அணைக்காமலே ஏற்றி இறக்குகிறோம், ராத்திரி சரிவில் நிறுத்துகிறேன். இடுப்பு கழன்றுவிட்டது. மேட்டில் பாதிக்கு மேல் இன்னும் அப்படியே கிடக்கிறது. கொல்லத்துக்காரன் போனில், "வேற எடம் பார்த்துக்கிறேன்" என்றான். பார்த்துக்கொள் என்றேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை.

அக்டோபர் 17, வியாழன்

மழை விட்டதும் அளத்துக்குப் போனேன். தார்ப்பாயைப் பிய்த்துக் காற்று எங்கோ கொண்டுபோயிருக்கிறது. அம்பாரம் இருந்த இடத்தில் இடுப்பளவு மேடு மட்டும் நிற்கிறது. ஓரமெல்லாம் கரைந்து, தண்ணீர் வாய்க்காலில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தட்டோடு நின்ற பெண்களில் ஒருத்தி வரப்பில் நின்றாள். இதற்கும் ஈரம் கழிக்கணுமா என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 19, சனி

புது செல்ஃப் மோட்டார், புது பேட்டரி. ராயப்பன் மாட்டினான். யாருக்காகவும் இல்லை. அடுத்த சீசனுக்கு வண்டி வேண்டும்.

கிட்டங்கிச் சரிவை வெட்டிச் சமமாக்கச் சொல்லிவிட்டேன்.

வண்டிச் சாவியைச் செல்லக்கனியிடம் கொடுத்தேன். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போனாள்.

சாயங்காலம் பார்த்தால் சாவி ஆணியில் தொங்குகிறது.

"சாவிய எங்கிட்ட எறியல, கையிலதான் குடுத்தான்" என்றாள். "உப்புல எறிஞ்ச சாவியக் குனிஞ்சு எடுத்தவுக வந்து குடுத்தா வாங்கிக்கிடுதேன்னான்."

"எனக்கு அளத்துல வேலை கெடக்கு."

"அளத்துல என்ன கெடக்கு?" என்றாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

வேப்பமரத்தடியில் போய் வண்டியைப் பார்த்தேன். குச்சி விட்டேன். ஏறி உட்கார்ந்து முள்ளைப் பார்த்தேன். ரெண்டும் ஒரே அளவைச் சொல்கின்றன.

செல்ஃபைத் தட்டினேன். தொட்டவுடன் பிடித்தது. எங்கும் போவதற்கில்லை. அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். செல்லக்கனி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

டீசல் வீண்தான்.